சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கும் முறை

பரிசோதனை நிலையத்தில் கொடுத்த காகிதத்தை அதன் வாசற்படியிலேயே நின்று பிரித்து, ஏதேனும் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ தடித்த எழுத்தோ விழுந்திருக்கிறதா என்று தேடி, ஒன்றும் இல்லையென்று கண்டதும் நிம்மதியாக அதை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நம்மில் பெரும்பாலோருடைய வழக்கம். வேறு பரிசோதனைகளில் இந்த வழக்கம் எப்படியோ போகட்டும். சிறுநீரக விஷயத்தில் இது எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பத்தாண்டுகளுக்கு மேலாக நீரிழிவு உடையவர், தம்முடைய ரிப்போர்ட்டுகளை ஒன்று விடாமல் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருந்தார். 58-ஆம் வயதில் அவருடைய ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவு 0.7, 60-இல் 0.8; 63-இல் 1.0, 66-இல் 1.2. சீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருந்த எல்லையோ 0.7 முதல் 1.3 வரை. ஆகையால் எந்தச் சீட்டிலும் நட்சத்திரம் விழவில்லை. ஒவ்வொரு முறையும் 'நார்மல்' என்ற ஒரே சொல்லோடு அவர் வீடு திரும்பினார். அந்த நான்கு காகிதங்களையும் தேதி வரிசையில் மேசைமேல் பரப்பி வைத்து, வயதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், அவருடைய சிறுநீரகங்களின் வடிகட்டும் சக்தி ஏறத்தாழ 107-லிருந்து 67-க்கு இறங்கியிருப்பது தெரிய வந்தது. எட்டு ஆண்டுகளில் நாற்பது புள்ளி கரைந்துபோயிருக்கிறது. அவர் பத்திரமாக வைத்திருந்த பையிலேயே அதற்குரிய சாட்சியமும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகப் பார்த்தார்களே ஒழிய, ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அந்த எட்டு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவருடைய சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று சோதித்திருந்தால், 1.0 என்ற எண் வருவதற்கு முன்பே விஷயம் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம். இந்த அத்தியாயத்தில் நான் வாசகரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்ளப் போவதும் இவ்விரண்டையும்தான்: சீட்டைத் தனியே படிக்காமல் உங்களுடைய பழைய சீட்டோடு சேர்த்துப் படியுங்கள், ரத்தம் கொடுக்கும்போது சிறுநீரையும் கொடுங்கள்.

எண்களுக்குள் நுழையுமுன், அவை எதை அளக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கீழ் விலா எலும்புகளின் மறைவில், முதுகெலும்பின் இருபுறமும், கைமுட்டி அளவினதாய், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுடன் அமைந்திருக்கும் இவ்வுறுப்புகளுக்கு, இருதயம் ஒரு நிமிஷத்தில் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் நீரைப் பிரித்தெடுத்து, அதில் உடம்புக்கு வேண்டிய தண்ணீரையும் சர்க்கரையையும் உப்புகளையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, வேண்டாத கழிவை மட்டும் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியே விடுகின்றன. கழிவை அகற்றுவது ஒன்றுதான் இவற்றின் வேலை என்று நினைக்கலாகாது. ரத்த அழுத்தத்தை நிர்ணயிப்பதிலும், எலும்புக்கு வேண்டிய டி வைட்டமினைப் பக்குவப்படுத்துவதிலும், சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவதிலும் இவற்றுக்குப் பிரதானமான பங்கு உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தவர் முகம் வெளுத்துச் சோகை பிடிப்பதும், அழுத்தம் ஏறுவதும், எலும்பு நோவதும் இக்காரணங்களால்தான்.

இயற்கை இவ்வுறுப்புக்கு மிகத் தாராளமாகச் சேமிப்பு வைத்திருக்கிறது. ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தவர்கள் மற்றொன்றைக் கொண்டு ஆரோக்கியமாக வாழ்ந்து வருவதே அதற்கு அத்தாட்சி. ஆனால் அந்தச் சேமிப்பே நோயை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. பாதி சக்தி போகும் வரையில் பெரும்பாலோர்க்கு ஒரு தொந்தரவும் தோன்றாது. கால் வீக்கம், காலையில் கண்ணைச் சுற்றி உப்பல், பசியின்மை, குமட்டல், அரிப்பு முதலியவை தலைகாட்டும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இடுப்பு வலித்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று ஓடிவருகிறவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கல்லடைப்பும் கிருமித் தாக்குதலும் நீங்கலாக, மெல்ல மெல்லச் சிறுநீரகத்தை அழிக்கும் நோய்கள் பொதுவாக வலிப்பதே இல்லை. வலிக்காத நோயைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையைத் தவிர வேறு வழி கிடையாது.

இனிக் கிரியாட்டினினுக்கு வருவோம். தசைகளில் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டாகி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிற ஒரு கழிவுப் பொருள் இது. இதனால் உடம்புக்கு விசேஷமான கெடுதல் ஒன்றுமில்லை. வரவு ஒரே சீராக இருப்பதால், ரத்தத்தில் இது தேங்குவதைக் கொண்டு செலவு குறைந்திருக்கிறதென்று ஊகிக்கலாம் என்பதே இதை அளப்பதன் நோக்கம். 1886-ஆம் ஆண்டில் யாஃபே என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, பிக்ரிக் அமிலத்தோடு சேரும்போது இது செம்மஞ்சள் நிறம் கொள்வதைக் கண்டறிந்தார். அந்த நிறத்தின் ஆழத்தை அளந்தே இன்றும் பல பரிசோதனை நிலையங்கள் எண் கொடுக்கின்றன. ரத்தத்திலுள்ள வேறு சில பொருள்களும் அந்த நிறத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே ஒரே நாளில் இரண்டு இடங்களில் ரத்தம் கொடுத்தால் 0.1 அல்லது 0.2 வித்தியாசம் வருவது அதிசயமல்ல. இதற்காகப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். முடிந்த வரையில் ஒரே நிலையத்தில் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தசையிலிருந்து பிறக்கும் பொருளாகையால், தசை மிகுந்தவருக்கு இது இயல்பாகவே கூடுதலாகவும், மெலிந்தவருக்கும் முதியவருக்கும் பெண்களுக்கும் குறைவாகவும் இருக்கும். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1.3 என்பது பூரண ஆரோக்கியமாக இருக்கலாம்; படுக்கையில் கிடந்து உடல் வற்றிப்போன பாட்டிக்கு 0.9 என்பதே கவலைக்குரிய எண்ணாக இருக்கலாம். முதல் நாள் இரவு ஆட்டுக்கறி விருந்து சாப்பிட்டவருக்கும், கடுமையான தேகப்பயிற்சி செய்தவருக்கும், தசை வளர்ப்பதற்காக விற்கும் கிரியாட்டின் பொடியை உட்கொள்ளுகிறவருக்கும் எண் கொஞ்சம் ஏறிக் காணும். பரிசோதனைக்கு முந்தின நாள் இவற்றைத் தவிர்த்துவிட்டு, வழக்கம்போல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் போதும். கிரியாட்டினினுக்காக மட்டும் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமில்லை. சர்க்கரையும் கூடப் பார்ப்பதானால் அதற்குரிய நியமத்தை அனுசரிக்கலாம்.

கிரியாட்டினினைப் பற்றி மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது: வடிகட்டும் சக்தி பாதியாகும்போது ஒருவருடைய கிரியாட்டினின் ஏறத்தாழ இரட்டிக்கும். 0.6 இருந்தவருக்கு 1.2 ஆவதற்குள் பாதி சக்தி போய்விட்டது. ஆயினும் சீட்டில் குறி விழாது. அதே சமயத்தில், 4 இருந்தவருக்கு 5 ஆகும்போது வீடே அமர்க்களப்படுகிறது. ஆனால் அங்கே உண்மையில் இழந்தது, முன்பு சத்தமின்றிப் போனதைப் பார்க்கிலும் மிகச் சிறிது. நாம் அலற வேண்டிய இடத்தில் உறங்குகிறோம்.

யூரியா, கிரியாட்டினினைப் போல அவ்வளவு நம்பத்தக்க சாட்சி அன்று. நாம் உண்ணும் புரதத்திலிருந்து கல்லீரலில் உண்டாவதாகையால், பருப்பும் மாமிசமும் அதிகம் தின்றாலும், பேதியினாலோ காய்ச்சலினாலோ உடம்பில் நீர் வற்றினாலும், குடலுக்குள் ரத்தம் கசிந்தாலும் யூரியா மட்டும் தனியே ஏறும். கிரியாட்டினின் அசையாமலிருக்க யூரியா மட்டும் ஏறியிருந்தால், முதலில் இக்காரணங்களைத்தான் யோசிக்க வேண்டும். இதில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சில சீட்டுகளில் யூரியா என்று முழுப்பொருளையும், சிலவற்றில் பி.யு.என். என்று அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் குறிப்பிடுவார்கள். பின்னதை 2.14-ஆல் பெருக்கினால் முன்னது வரும். ஓர் ஊரில் 43 என்றும் மறு ஊரில் 20 என்றும் வந்ததைக் கண்டு, இடையில் குடித்த கஷாயம் பலித்துவிட்டதென்று மகிழ்ந்தவர் உண்டு. இரண்டும் ஒரே அளவுதான்.

இப்போது வரும் சீட்டுகளில் கிரியாட்டினினுக்குக் கீழே இ.ஜி.எஃப்.ஆர். என்றொரு வரி இருப்பதைக் காணலாம். சிறுநீரகங்கள் ஒரு நிமிஷத்தில் எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்பதை, கிரியாட்டினின், வயது, பால் ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டுக் கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பீடு இது. இதன் உபயோகத்தை விளக்க ஓர் உதாரணம் சொல்லுகிறேன். முப்பது வயது இளைஞர் ஒருவருக்கும் அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவருக்கும் கிரியாட்டினின் 1.1 என்றே வந்ததாக வைத்துக்கொள்வோம். 2021-இல் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி இளைஞருக்கு ஏறத்தாழ 93, அம்மாளுக்கோ 56. எண் ஒன்றே, நிலை வேறு. ஆகவே கிரியாட்டினினை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால், இந்த வரியையும் கேட்டு வாங்குங்கள். அதற்கென்று மேலும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, கணக்கிட்டால் போதும்.

90-க்கு மேல் இருப்பது நல்ல நிலை. 60 முதல் 89 வரை இருந்து, சிறுநீரில் ஆல்புமினோ வேறு கோளாறோ இல்லாதிருந்தால் அதை நோயென்று சொல்வதில்லை. 60-க்குக் கீழே இறங்கினாலும், அல்லது அத்தகைய கோளாறு இருந்தாலும், அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயரிடுவார்கள். 45-க்கும் 30-க்கும் அடுத்தடுத்த படிகள் உண்டு. 15-க்குக் கீழ் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு எழும். 30-க்கு வருவதற்குள்ளாகவே சிறுநீரக நிபுணரைப் பார்த்திருப்பது மிக அவசியம். மூன்று மாதம் என்ற நிபந்தனையை அலட்சியம் செய்யாதீர்கள். நான்கு நாள் பேதியில் கிரியாட்டினின் 2-க்கு ஏறி, நீர் ஏற்றியபின் 0.9-க்குத் திரும்பியவரைச் 'சிறுநீரக நோயாளி' என்று ஆயுள் முழுதும் அஞ்சவைப்பது நியாயமாகாது. நாற்பது வயதுக்குமேல் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில் இந்தச் சக்தி இயல்பாகவே குறைந்துவரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதைவிட வேகமாக, வருஷத்துக்கு ஐந்து என்ற விகிதத்தில் இறங்கினால் அது வயதின் வேலையன்று. கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும், கை கால் இழந்தவர்களுக்கும், திடீரென்று நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது.

நான் அதிக நேரம் நின்று பேச விரும்பும் இடம் சிறுநீர்ப் பரிசோதனை. 1827-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர், உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, முட்டையின் வெள்ளைக்கரு திரைவதுபோல அது திரைவதைக் கண்டு, அவர்கள் இறந்தபின் சிறுநீரகங்களை அறுத்துப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நெடுங்காலம் வரையில் சிறுநீரக நோய்க்கே 'பிரைட் நோய்' என்ற பெயர் வழங்கிற்று. ரத்தத்தில் கிரியாட்டினினை அளக்க எவரும் அறியாத அந்தக் காலத்தில், ஒரு கரண்டியும் ஒரு சுடரும் காட்டிக் கொடுத்த உண்மையை, இத்தனை கருவிகள் வந்த பிறகும் நாம் கேட்டு வாங்காமல் விட்டுவிடுகிறோம் என்பதை எண்ணும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

ஆரோக்கியமான வடிகட்டி ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தை வெளியே விடாது. நீரிழிவினாலோ அழுத்தத்தினாலோ அதன் கண்கள் விரிந்தால், முதலில் கசிவது இந்த ஆல்புமின்தான். வடிகட்டும் சக்தி குறைவது பெரும்பாலும் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. நம் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்குச் 'சிறுநீரில் உப்பு போகிறது' என்று சொல்வார்களே, அந்த உப்பு இதுதான். கிரியாட்டினின் ஏறினாலும் 'ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது' என்றே சொல்லுகிறார்கள். இரண்டும் சமையல் உப்பு அல்ல. இரண்டும் ஒன்றும் அல்ல. ஆகையால் வைத்தியரிடம் போகும்போது 'உப்பு' என்று பொதுப்பெயர் சொல்லாமல், எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுவது நலம்.

நிறம் மாறும் காகிதப் பட்டையை நனைத்து ஒரு கூட்டல், இரண்டு கூட்டல் என்று குறிக்கும் சாதாரணப் பரிசோதனை மலிவானது, பயனுள்ளது. ஆனால் தண்ணீர் நிறையக் குடித்தவருக்குக் குறைத்தும், வற்றியவருக்குக் கூட்டியும் காட்டும். சொற்பமான கசிவு அதில் அகப்படாது. இக்குறைகளை நீக்கவே சிறுநீரிலுள்ள ஆல்புமினை அதே சிறுநீரிலுள்ள கிரியாட்டினினோடு ஒப்பிட்டு விகிதமாகச் சொல்லும் பரிசோதனை ஏற்பட்டது, ஏ.சி.ஆர். என்று சீட்டில் அச்சிடுவார்கள். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாயிருந்தால் கவலையில்லை. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. 300-க்கு மேல் பெருங்கசிவு. காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீரே இதற்கு உத்தமம். காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, மாதவிலக்கு, முந்தின நாளைய கடும் உழைப்பு இவற்றால் பொய்யாகவும் கூடலாம். ஆகவே ஒருமுறை கூடியிருந்தால் மனம் கலங்காமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மேலும் இரண்டு முறை பார்த்து, மூன்றில் இரண்டு கூடியிருந்தால் மட்டும் உண்மையென்று கொள்ளுங்கள்.

கிரியாட்டினின் 0.9 இருந்து ஆல்புமின் விகிதம் 400 உள்ள ஒருவரையும், கிரியாட்டினின் 1.4 இருந்து விகிதம் 8 மட்டும் உள்ள அறுபது வயதுக்காரர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எவருக்கு அபாயம் அதிகம்? ஊரார் இரண்டாமவரைச் சுட்டிக்காட்டுவார்கள். முதல்வருக்கே அபாயம் அதிகம். சிறுநீரகத்துக்கு மட்டுமன்றி இருதயத்துக்கும் ஆல்புமின் கசிவு ஒரு கெட்ட சூசகம். நீரிழிவு கண்ட நாள் முதல், இளமையிலேயே இன்சுலின் போட்டுக்கொள்ள நேர்ந்தவர்களுக்கு ஐந்தாண்டு கழித்து, வருஷத்துக்கு ஒருமுறையேனும் இதைப் பார்த்தாக வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அப்படியே. சிறுநீர் நுரைத்து, அந்த நுரை நெடுநேரம் அடங்காமல் நிற்கிறதென்றால் வருஷம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

சீட்டில் எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டினால் இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடியதாகையால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். யூரிக் அமிலம் ஏறியிருப்பது மட்டும் சிறுநீரக நோய்க்கு அடையாளமாகாது. ஸ்கேன் படத்தில் சிறுநீரகங்கள் சுருங்கியிருந்தால் நோய் பழையது என்று அறியலாம். நீரிழிவில் அவை சுருங்காமல் இருப்பதும் உண்டு.

பாதுகாக்கும் வழிகளில் முதன்மையானவை, சர்க்கரையை அடக்குவதும் ரத்த அழுத்தத்தைப் பொதுவாக 130-க்கு 80 என்ற எல்லைக்குள் வைப்பதுமாகும். ஆல்புமின் கசிகிறவர்களுக்கு ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற மாத்திரைகளை வைத்தியர்கள் விசேஷமாகத் தேர்ந்தெடுப்பது, அவை வடிகட்டியினுள் இருக்கும் அழுத்தத்தைத் தணித்துக் கசிவைக் குறைப்பதனால்தான். இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறுவது சகஜம். 30 சதவீதம் வரை ஏறுவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். இதை அறியாமல் 'மாத்திரையே கிட்னியைக் கெடுக்கிறது' என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு, காப்பாற்றும் மருந்தைத் தாமே நிறுத்திக்கொண்டு, பின்னர் வருந்தியவர்கள் பலர். சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மருந்துகளும் சிறுநீரகத்தின் தேய்வை மெதுவாக்குகின்றன என்பது பெரிய ஆராய்ச்சிகளால் நிலைபெற்றுவிட்டது. உங்களுக்கு அவை பொருந்துமா என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வாந்தி பேதி கண்ட நாளில் மட்டும் இம்மாத்திரைகளில் சிலவற்றை நிறுத்தி வைக்க நேரலாம். அதையும் முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென், நிமசுலைட் முதலியவை சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. இளைஞர் ஒருவர் பல்வலிக்கு இரண்டு நாள் விழுங்குவதால் உலகம் கவிழ்ந்துவிடாது. முழங்கால் வலிக்காக வருஷக்கணக்கில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தின்னும் முதியவரின் கதி வேறு. அதுவும் நீர் மாத்திரையும் அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால், கெடுதல் இன்னும் வலுக்கும். அவசியமானால் அளவறிந்து பாரசிட்டமால் சாப்பிடுவது மேல்.

மூலிகை என்றால் கெடுதி செய்யாது என்ற நம்பிக்கையையும் இங்கே பரிசீலிக்க வேண்டும். சித்த வைத்தியத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. கற்றறிந்த சித்த வைத்தியர்கள் சுத்தி முறையும் அளவும் அறிந்தே மருந்து கொடுப்பார்கள். ஆனால் கேள்விப்பட்டதைத் தாமே பறித்து அரைத்துக் குடிப்பவர்களை நினைத்து எழுதுகிறேன். நம் வயல் வரப்புகளில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையில் அரிஸ்டலோகிக் அமிலம் என்ற விஷம் உண்டு. அதே இனத்தைச் சேர்ந்த சீன மூலிகை ஒன்று கலந்த மெலிவு மருந்தை உட்கொண்ட பெல்ஜியம் நாட்டுப் பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் விரைவில் செயலிழந்தன என்பதை, 1993-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர்கள் வெளியிட்டார்கள். பக்கத்திலுள்ள கேரளத்தில், கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளிக் காயின் சாற்றைக் குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் திடீரென்று பழுதானதும் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. யார் செய்தது, என்ன சேர்ந்தது என்று தெரியாத பஸ்பங்களையும் செந்தூரங்களையும் விலக்குங்கள்; ஈயமும் பாதரசமும் சிறுநீரகத்துக்கு ஜன்ம விரோதிகள்.

உப்பை நாள் ஒன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசு. ஊறுகாயும் அப்பளமும் வடகமும் கருவாடும் மோர் மிளகாயும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடுகிறோம். இந்துப்பு என்றாலும் அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதற்கு விசேஷ விலக்கு எதுவும் கிடையாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இன்னும் ஆபத்தானது. உடம்புக்கு நல்லதென்று நாம் போற்றும் இளநீரும் அப்படியே: ஆரோக்கியமானவனுக்கு அமிர்தம், பொட்டாசியம் ஏறிய சிறுநீரக நோயாளிக்கு அபாயம். ஆனால் நோயில்லாதவர்களும், நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களும், இதைப் படித்துவிட்டுப் பழமும் காயும் தின்பதை நிறுத்த வேண்டியதில்லை. பத்தியத்தை உங்களுடைய சீட்டின் எண்ணைப் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டுமே ஒழிய, பிறருடைய பத்தியத்தை நாம் காப்பாற்றக் கூடாது.

தண்ணீர் குடம் குடமாய்க் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டுச் சுத்தமாகும் என்பது தவறான எண்ணம். தாகம் தீர, சிறுநீர் இளமஞ்சளாகப் போகும்படி குடித்தால் போதும்; கல் உண்டாகும் தேகவாகு உடையவர்கள் சற்று அதிகமாகக் குடிக்க வேண்டும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்து வெயிலில் நிற்கிறவர்கள், செங்கல் சூளையிலும் கரும்புக் கொல்லையிலும் பாடுபடுகிறவர்கள் விஷயம் வேறு. நாளுக்கு நாள் வியர்வையில் வற்றிப்போகும் உடம்பின் சுமை சிறுநீரகத்தின்மேல் விழுகிறது. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண் கூலியாட்களுக்கு இந்த அத்தியாயத்தின் உபதேசம் எதுவும் உதவாது. நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் கொடுக்க வேண்டியது அவர்களை வேலைக்கு வைத்தவர்களின் கடமை.

கடைசியாக, டயாலிசிஸுக்கு உறவினரை அழைத்துச் சென்று வரும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. நீரிழிவும் அழுத்தமும் பரம்பரையாய் வரக்கூடியவை. சிறுநீரக நோய்களிலும் பரம்பரையாய் வருபவை உண்டு. ஆகவே அவருடைய அண்ணன் தம்பி அக்காள் தங்கையரும் பிள்ளைகளும் மற்றவர்களைவிட அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அந்தக் கூடத்துக்கு வெளியே பெஞ்சியில் காத்திருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது, எழுந்தவுடன் வரும் உங்கள் முதல் சிறுநீரை நிலையத்தில் கொடுக்கும் புட்டியில் பிடித்துக்கொண்டு போய், அதையும் உங்கள் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.